ஏழு ஏழாகப் போகும் வரிகள்

ஜோகுபாளையம், பெங்களூர்
14 ஜூன் 1996

திரு. சிரில் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் புரோகிராம்களைத் தபாலில் மாற்றிக்கொள்ளும் உங்கள் கேசட் வட்டத்தில் எண் 12 ஆக இருக்கும் ஷ்ரேயாஸின் அக்கா நான். பெயர் நிருபமா. ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன்.

மே மாதம் நீங்கள் அவனுக்கு அனுப்பிய கேசட் வந்து மூன்று வாரம் ஆகிறது. அவன் வீட்டில் இல்லை. பிப்ரவரி 12ஆம் தேதி போனான். அப்பாவுக்கும் அவனுக்கும் ஒரு பேச்சு. அதன் பிறகு கடிதமும் இல்லை, ஃபோனும் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். இருபத்திரண்டு வயதுப் பையன், தானாக வருவான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதமாக அந்தத் "தானாக" என்பதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

உங்களுக்கு எழுதினானா? எங்கே இருக்கிறான் என்று சொல்ல வேண்டாம். எழுதினான் என்று மட்டும் சொன்னால் போதும். அம்மாவுக்குச் சொல்ல அந்த ஒரு வரி வேண்டும்.

கேசட்டை அப்படியே திருப்ப மனம் வரவில்லை. அவனிடம் இருந்த இரண்டு கம்ப்யூட்டரில், தானே பழுதுபார்த்த மெஷினைத்தான் எடுத்துப் போனான். அப்பா வாங்கித் தந்தது இங்கேயே இருக்கிறது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஓரளவு கற்றவள். எனவே டிவியில் மாட்டி, லோட் செய்து பார்த்தேன். உங்கள் விதிமுறைத் தாளில் உள்ளபடி முதலில் குறை: எண் 9 எழுதிய நாள்காட்டி 1900 பிப்ரவரிக்கு 29 நாள் தருகிறது. மற்றபடி நன்றாக இருக்கிறது.

அவன் எண்ணை நீக்கிவிடாதீர்கள். அவன் வரும்வரை நான் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிருபமா


திண்டுக்கல்
25 ஜூன் 1996

சகோதரி நிருபமாவுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே எல்லாரும் நலம். என் மனைவி பெர்னதெத்துக்கு மட்டும் முழங்கால் வலி. உங்கள் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டினேன். இரவு ஜெபத்தில் உங்கள் தம்பியின் பெயரைச் சேர்த்திருக்கிறாள்.

ஜனவரிக்குப் பிறகு 12இடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை. பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. பள்ளிக்கூட லேபில் உதவியாளன் நான். இருப்பதை இருப்பதாக எழுதியே பழக்கம்.

எண் உங்களுடையது, நீக்க மாட்டேன். 1900ஐ இந்த வட்டத்தில் வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. 9க்குக் கோபம். நல்லதுதான். ஊரெல்லாம் விண்டோஸ் வாங்கும் காலத்தில் இந்த ரப்பர் விசை மெஷினை விடாமல் வைத்துக்கொண்டு வட்டத்தில் மிச்சமிருக்கும் இருபது பேரும் கொஞ்சம் கோபக்காரர்கள்தான்.

அடுத்த கேசட் ஜூலையில் வரும். மே மாதம் சேர்ந்த 31 என்ற புதியவரின் விளையாட்டு ஒன்றும் அதில் உண்டு. அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்.

சிரில்


ஜோகுபாளையம்
2 ஆகஸ்ட் 1996

சிரில் அண்ணா அவர்களுக்கு,

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? நாங்கள் இருக்கிறோம்.

அவசரத்தில் எழுதுவதால் எழுத்து இப்படி வருகிறது. மன்னிக்கவும். எண் 31 யார்?

"குழாயடி" விளையாட்டை நேற்று லோட் செய்தேன். காலையில் கார்ப்பரேஷன் தண்ணீர் நிற்பதற்குள் பதினைந்து குடம் பிடிக்க வேண்டும். விளையாடிவிட்டு, வழக்கப்படி உள்ளே வரிகளைப் படிக்கப் போனேன். எல்லாரும் வரி எண்களை 10, 20, 30 என்றுதானே போடுவோம்? நடுவில் ஒரு வரி சேர்க்க இடம் வேண்டுமென்று. இதில் 7, 14, 21, 28. கடைசி வரை ஏழு ஏழாக. என் தம்பியைத் தவிர யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. "பத்துக்குப் பத்து போடறவன் கிளார்க்கு" என்பான்.

அது மட்டுமில்லை. தப்பான விசையை அழுத்தினால் திரையில் ஆங்கில எழுத்தில் "சரி விடு" என்று வருகிறது. ஷ்ரேயாஸின் புரோகிராம் எதில் தப்பு செய்தாலும் அதுதான் வரும். பேச்சிலும் அதுதான். பால் கொட்டினாலும், பஸ் போனாலும், சரி விடு. கேசட்டின் கடைசியில் கடிதத்தையும் புரோகிராமாக எழுதிப் பதிவு செய்திருக்கிறார் 31. அதுவும் அவன் வழக்கம். பேனா பிடிக்கச் சோம்பேறி.

முகவரி கொடுங்கள். நான் போய் நிற்க மாட்டேன், தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே கிளம்பச் சொல்வாள்.

உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கட்டும். தயவுசெய்து.

நிருபமா


திண்டுக்கல்
10 ஆகஸ்ட் 1996

சகோதரிக்கு,

பெர்னதெத் எழுந்து நடக்கிறாள். நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

முகவரி தர முடியாது. எண் மட்டும், பெயர் வேண்டாம் என்ற விதி எதற்கு வந்தது தெரியுமா? ஒரு தடவை சதுரங்க புரோகிராமை "மாடு கூட இதைவிட நன்றாக ஆடும்" என்று ஒருவர் எழுதிவிட்டார். அந்தப் புரோகிராமின் சொந்தக்காரர் ஈரோட்டிலிருந்து கரூருக்கு பஸ் ஏறிப் போய் அவர் வீட்டு வாசலில் சண்டை போட்டார். அன்றைக்கு எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தேன். உங்களுக்காக உடைத்தால், நாளைக்கு வேறொருவருக்காகவும் உடைப்பேன்.

31இன் உறையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முகவரி அச்செழுத்து மாதிரி கட்டை எழுத்தில் இருக்கிறது. ஒன்றும் சொல்ல முடியவில்லை. நீங்கள் நினைக்கிற ஆளாகவே இருந்தாலும் யோசியுங்கள். ஒளிந்திருக்கிறவன் வாசலில் போய் நின்றால், அடுத்த தடவை கேசட் கூட அனுப்ப மாட்டான்.

குறைகளை ஒட்டிய உறையில் எழுதி அனுப்புங்கள். பிரிக்காமல் அனுப்புவேன். அதில் குறையைத் தவிர வேறென்ன எழுதுகிறீர்கள் என்று கேட்க மாட்டேன்.

சிரில்


ஜோகுபாளையம்
18 ஆகஸ்ட் 1996

எண் 31 அவர்களுக்கு,

எண் 12 எழுதுவது. சுகமா? மழைக்காலம் ஆயிற்றே, மூச்சு இழுக்காமல் இருக்கிறதா?

குழாயடி பார்த்தேன். குறைகள்: பதினைந்தாவது குடம் ஒருபோதும் நிறைவதில்லை. முப்பது தடவை ஆடினேன். 448ஆம் வரியில் நேரத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறீர்கள். ஆடுகிறவர் எவ்வளவு சரியாக ஆடினாலும் தோற்பது நியாயமா? இரண்டாவது, வரிசையில் நிற்கும் பெண்மணி இடம் விடுவதே இல்லை. நிறை: குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் மாறுவது. நான் எழுந்து குளியலறைக் குழாயைப் போய்ப் பார்த்தேன்.

12 ஊரில் இல்லை. அவன் அக்கா பார்க்கிறேன். அவன் இல்லாத வீடு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு எழுதலாமா? அம்மா அப்பாவிடம் பேசுவதில்லை. தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். சாம்பார் வேண்டுமானால் அப்பா என்னைப் பார்ப்பார். ஸ்டேட் சர்வீஸில் முப்பது வருஷம் ஆணை போட்டவர், இப்போது கரண்டிக்குச் சைகை காட்டுகிறார். "காலேஜ்ல இருந்து ஃபோன் வந்துது, கோவத்துல கத்திட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

448ஆம் வரியை மட்டும் திருத்துங்கள். உடம்பு பத்திரம்.

எண் 12க்காக


எண் 31இன் கேசட்டில் இருந்தது. ஆங்கில எழுத்தில் வந்ததைத் திரையிலிருந்து நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன்.
வந்த நாள்: 12 செப்டம்பர் 1996

12ன் அக்காவுக்கு வணக்கம்.

நலமாக இருக்கிறேன். மூச்சுக்கு ஒன்றும் இல்லை.

இவ்வளவு தூரம் யாரும் என் புரோகிராமைப் பார்த்ததில்லை. முப்பது தடவை ஆடினீர்கள் என்று படித்ததும் ஷிஃப்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். ஆனால் பதினைந்தாவது குடம் குறை இல்லை, அக்கா. எங்கள் தெருவில் அது யாருக்கும் நிறைந்ததில்லை. இடம் விடாத பெண்மணி எல்லம்மா. நிஜ ஆள். "நேத்து நீதான மொதல்ல புடிச்ச, இன்னிக்கு என் கொடத்து மேல ஏறி நின்னு புடி" என்பார். அவரை எடுத்துவிட்டால் விளையாட்டே இல்லை.

வீட்டைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அம்மா அப்பாவிடம் பேசாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. அவர் சாம்பாருக்கு உங்களைப் பார்ப்பது அதைவிட. இன்னும் எழுதுங்கள். அன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்றாவது எழுதுங்கள்.

அம்மாவின் உடம்பைக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

31


ஜோகுபாளையம்
29 செப்டம்பர் 1996

எண் 31 அவர்களுக்கு,

மூச்சுக்கு ஒன்றும் இல்லை என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீங்கள் ஷிஃப்டுக்குப் போகும் வழியில் மறுபடி சிரிப்பீர்கள். சிரியுங்கள். எந்த ஊர், என்ன ஷிஃப்ட், எதுவும் நான் கேட்கவில்லை.

இன்றைக்குச் சமையல் வெந்தயக் குழம்பு, கொத்தவரங்காய். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, நான் திரும்பியதும் துப்பிவிடுகிறாள். "எதுக்கும்மா இப்படிப் பண்றே?" என்றேன். "நான் படுத்துண்டா சேதி அவனுக்குப் போகும்ல" என்றாள். எங்கே போகும், யார் கொண்டுபோவார்கள் என்று அவளுக்கும் தெரியாது. கீழ் வீட்டு பிரிஜெட் ஆண்ட்டி வந்து அதட்டினால் ஒரு நாள் சாப்பிடுகிறாள்.

எனக்கு வழியெல்லாம் தீர்ந்துவிட்டது. கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்கிறேன். முதுகுகளைப் பார்க்கிறேன். ஒரே மாதிரி எத்தனை முதுகுகள் இந்த ஊரில்.

நவம்பர் பத்து தீபாவளி. 12 வந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். படிப்பைப் பற்றி, அந்த மார்க் ஷீட்டைப் பற்றி, எதையும். அப்பா சத்தியம் செய்திருக்கிறார். உங்கள் மூலம் இந்தச் செய்தி அவனுக்குப் போகுமா? ஒருவேளை என்றுதான் எழுதுகிறேன்.

நன்றாகத் தூங்குகிறீர்களா? தூங்குங்கள்.

எண் 12க்காக, அக்கா


எண் 31இன் கேசட்டில்.
வந்த நாள்: 26 அக்டோபர் 1996

அக்காவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

குழாயடியை மாற்றி அனுப்பியிருக்கிறேன். 448ஐத் திருத்திவிட்டேன். இனி பதினைந்தாவது குடம் நிறையும். எல்லம்மா மட்டும் அப்படியே இருக்கிறார்.

தீபாவளிக்கு எனக்கு ஒரு நாள்தான் லீவு. எங்கும் போவதாக இல்லை. நீங்கள் யாருக்காகவும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். அம்மாவுக்கு மாத்திரையைப் பொடி செய்து மோரில் கலந்து கொடுத்துப் பாருங்கள்.

வேறு எழுதத் தெரியவில்லை.

31


ஜோகுபாளையம்
17 நவம்பர் 1996

ஷ்ரேயாஸ்,

எப்படி இருக்கிறாய்? இனி எண் போட்டு எழுத என்னால் முடியாது.

பண்டிகை போயிற்று. அம்மா உனக்கும் சட்டை எடுத்து மஞ்சள் தடவி வைத்திருந்தாள். சாயங்காலம் அதை மடித்து பீரோவில் வைத்தாள். கதவை மெதுவாகத்தான் மூடினாள்.

நீ வராததற்குக் காரணம் அப்பா இல்லை என்று இப்போது நினைக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமலும் இருக்கலாம். எதுவானாலும் நான் சொல்லிவிட வேண்டும்.

காலேஜிலிருந்து ஃபோன் எதுவும் வரவில்லை. அப்பாவிடம் சொன்னது நான்.

அன்று மத்தியானம் நூலகப் புத்தகங்களை பைண்டிங்குக்குக் கொடுக்க அடுகோடி போயிருந்தேன். பைண்டர் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு டிவி ரிப்பேர் ஷாப். உள்ளே நீ குனிந்து ஒரு டிவியில் ஒயரை ஈயத்தால் பற்ற வைத்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு உனக்கு ப்ராக்டிகல் பரீட்சை என்று காலையில் அம்மா உனக்குத் தயிர் சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். நீ வெளியே போனதும் உள்ளே போய்க் கேட்டேன். "ஷ்ரேயாஸா? ஒரு வருஷமா இங்கதாம்மா இருக்கான், தங்கமான கை" என்றார் ஓனர். ஒரு வருஷம். அப்படியானால் வீட்டில் நீ காட்டிய மார்க் ஷீட் நீயே பிரிண்டரில் அடித்தது.

உன்னைத் தெருவிலேயே நிறுத்திக் கேட்டிருக்கலாம். பெட்டிக்கடை வாசலில்தான் நின்றாய். நான் தூண் மறைவில் நின்று, நீ போகும்வரை காத்திருந்து, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

உன் எதிர்காலத்துக்குப் பயந்து சொன்னேன் என்று இத்தனை நாளாக எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை. நான் கேட்டுக் கிடைக்காத படிப்பு அது. "ஒருத்தர்தான் படிக்கலாம், அவன் ஆம்பளைப் பையன்" என்று சொன்ன அன்று நான் அழவில்லை, நூலகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். அந்த இடத்தில் நீ உட்கார்ந்து, அது வேண்டாம் என்று எழுந்து போய், சந்தோஷமாக வேறு வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். உன் முகத்தில் அந்தச் சந்தோஷம் இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பா "நாளைக்குக் காலைல இந்த மூஞ்சிய நான் பாக்கப்படாது" என்று கத்தியபோது நான் சமையலறையில் அம்மாவுக்கு உதவுகிற மாதிரி நின்றேன்.

அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மாவின் மௌனத்தை ஒன்பது மாதமாக எனக்குப் பதில் அவர் வாங்கிக்கொள்கிறார்.

என்னைத் திட்டு. வராவிட்டாலும் திட்டி எழுது. கேசட்டில் ஒரே ஒரு வரி போதும். இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜோகுபாளையம்
8 ஜனவரி 1997

சிரில் அண்ணாவுக்கு,

அண்ணியும் நீங்களும் நலமா? கிறிஸ்துமஸ் நல்லபடியாக இருந்திருக்கும்.

நான் எழுதி ஏழு வாரம் ஆகிறது, 31இடமிருந்து ஒன்றும் இல்லை. டிசம்பர் கேசட்டில் அவர் இல்லை. நான் எழுதக் கூடாத ஒன்றை எழுதிவிட்டேன். எழுதியதைப் படித்து ஏதாவது செய்துகொண்டிருப்பாரோ என்று பயமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ரயில்வே போலீஸ் வந்து அப்பாவைக் கூட்டிப்போனார்கள். தண்டவாளத்தில் ஒரு பையன், அடையாளம் பார்க்க வேண்டும் என்று. நானும் போனேன். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அவன் இல்லை. வெளியே வந்து "இல்லை" என்றேன். அப்பா சந்தோஷப்படவில்லை, நானும் இல்லை. அது யாரோ ஒருத்தர் வீட்டுப் பையன். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா, "அம்மாகிட்ட ரேஷன் ஆபீசுக்குப் போனோம்னு சொல்லு" என்றார். இந்த வீட்டில் இன்னொரு பொய்.

முகவரி கேட்கவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் உங்கள் விதி உடையாமல் கேட்டுச் சொல்ல முடியுமா?

நிருபமா


ஓசூர்
17 ஜனவரி 1997

12இன் அக்காவுக்கு,

நீங்களும் அம்மாவும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் உங்கள் தம்பி இல்லை. என் பெயர் பழனிச்சாமி. ஊர் தர்மபுரி பக்கம். இங்கே ஒரு ஃபாக்டரியில் லேத் ஓட்டுகிறேன். "பதில் எழுது, இல்லையென்றால் உன் எண்ணை அடித்துவிடுவேன்" என்று சிரில் சார் எழுதினார். அதற்காக மட்டும் எழுதவில்லை.

போன மார்ச்சில் இங்கே பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் மெஷினும் ஆறு கேசட்டும் சேர்த்து வாங்கினேன். எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. சொல்லித்தரவும் ஆள் இல்லை. அந்தக் கேசட்டுகளில் இருந்ததை வரி வரியாகப் படித்து, திரும்பத் திரும்ப அடித்துத்தான் கற்றேன். ஏழு ஏழாகப் போடுவதுதான் முறை என்று நினைத்தேன். பத்து பத்தாகப் போடுவார்கள் என்று வட்டத்தின் கேசட் வந்த பிறகுதான் தெரியும். தப்பு செய்தால் "சரி விடு" என்று வர வேண்டும், கடிதத்தைக் கேசட்டில்தான் எழுத வேண்டும், எல்லாமே அப்படித்தான் என்று நினைத்தேன். சிரில் சார் முகவரியும் ஒரு கேசட் அட்டையில்தான் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஆறு கேசட்டை எழுதியவரிடமிருந்து வந்தது. அவர் யார் என்றே எனக்குத் தெரியாது.

என்னை உங்கள் தம்பி என்று நினைக்கிறீர்கள் என்பது உங்கள் இரண்டாவது கடிதத்திலேயே புரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் யாரும் இல்லை, அக்கா. அம்மா நான் ஒன்பதாவது படிக்கும்போது போய்விட்டார். இன்றைக்குக் கொத்தவரங்காய் என்று ஒருவர் எனக்கு எழுதினார். அடுத்ததும் வரட்டும் என்று இருந்துவிட்டேன். தீபாவளிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று எழுதியபோது, இதுவே சொன்ன மாதிரிதான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

நவம்பர் கடிதம் எனக்கு எழுதியது இல்லை. முதல் வரியில் வேறு பெயர் இருந்தும் கடைசி வரை படித்தேன். அதைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியவில்லை. பொங்கல் லீவில் அந்தக் கடைக்குப் போனேன். விற்றவர் யார் என்று கேட்டேன். "திருட்டு சாமான்னு நெனச்சிட்டியா, எல்லாத்துக்கும் கையெழுத்து வாங்கியிருக்கேன்" என்று சண்டைக்கு வந்தார். பிறகு நோட்டை எடுத்துக் காட்டினார். 14 பிப்ரவரி, எஸ். ஷ்ரேயாஸ். முகவரிக்கு நேரே உங்கள் ஜோகுபாளையம் வீடு. அதைப் பார்த்துத்தான் இதை நேராக அனுப்புகிறேன். வேறு முகவரி இல்லை.

கடைக்காரருக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். உங்கள் தம்பி மெஷினைக் கொடுத்துவிட்டு எதிர் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து, சேலம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாராம். உடம்பு நன்றாகத்தான் இருந்ததாம்.

மெஷினை நீங்கள் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். மன்னிப்புக் கேட்கவில்லை, அதற்கும் எனக்கு முகமில்லை.

பழனிச்சாமி


சேலம்
3 பிப்ரவரி 1997

பழனிச்சாமிக்கு,

நலமாக இருக்கிறாயா? நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம்.

உன் கடிதம் 21ஆம் தேதி வந்தது. உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பிரிக்காமல் ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு இன்னும் தம்பி இருந்தான். உன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை. அதையும் சொல்லிவிடுவதுதான் சரி.

கடையையும் நோட்டையும் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. நீ யார், உனக்கு எப்படி எங்களைத் தெரியும் என்று கேட்டால் எங்கே தொடங்குவது? எதை விட்டுவிட்டுச் சொன்னாலும் கதை நிற்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். அடுகோடியிலிருந்து சொன்னேன். உனக்கு எழுதிய வரிகளையே சொன்னேன். ஒரு தடவை எழுதியிருந்ததால்தான் வாயில் வந்தது.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள். "நீ அப்பாகிட்டே சொன்னது அவன் சாப்பிடறதுக்கு முன்னாடியா, அப்பறமா?"

"முன்னாடி."

அரிசியை உலையில் போட்டாள். அன்று அப்பாவுக்குத் தட்டு வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள். "இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா?" என்றாள். ஒரு வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. அப்பா தட்டைப் பார்த்தபடி தலையாட்டினார். அவரால் சாப்பிட முடியவில்லை. அன்றிலிருந்து அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு வர வேண்டியது, ஒரு வருஷம் தாமதமாக வந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் அம்மா தானே புடவை மாற்றிக்கொண்டு, ஷ்ரேயாஸின் ஃபோட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அப்பா, "நீ கூடப் போ, வீடு பூட்டியிருக்கப்படாது, நான் இருக்கேன்" என்றார். ஓசூரில் இறங்கினோம். நீ இருக்கும் ஊர் என்று தெரியும். உன்னைத் தேடவில்லை, அதற்கு நான் இன்னும் தயாராக இல்லை. கடைக்காரர் நோட்டைக் காட்டினார். அம்மா அவன் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். "பக்கத்தைக் கிழிச்சுடாதீங்கம்மா" என்றார் அவர்.

எதிர் மெஸ்ஸுக்குப் போனாள். ஃபோட்டோவைக் காட்டினாள். "தினம் இருநூறு பேர் சாப்பிடறாங்க" என்றார்கள். அம்மா வெளியில் தண்ணீர்கூடக் குடிக்காதவள். சுவர் ஓரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து "ஒரு சாப்பாடு" என்றாள். நான் எதிரே உட்கார்ந்தேன். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. சாதம், ஒரு பொரியல், தண்ணிக் குழம்பு. கூட்டிக் கூட்டி, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். இலையை மடித்தாள். "பரவாயில்ல, சூடா இருக்கு" என்று யாருக்கோ சொன்னாள். கை கழுவிவிட்டு வந்து, கல்லாவில் இருந்தவரிடம் சேலம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள்.

நாங்கள் சேலம் போகப் புறப்பட்டு வரவில்லை. மாற்றுப் புடவை இல்லை. மாத்திரை என் பையில் இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கையை நீட்டினாள். கொடுத்தேன். விழுங்கினாள்.

இங்கே பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு லாட்ஜில் இருக்கிறோம். இன்று டிவி, ரேடியோ ரிப்பேர் கடைகள் பதினேழு பார்த்தோம். அவன் கைக்குத் தெரிந்த வேலை அது, அதை விட்டிருக்க மாட்டான் என்று நான்தான் சொன்னேன். யாருக்கும் தெரியவில்லை. நாளைக்குச் செவ்வாய்ப்பேட்டை பக்கம். எத்தனை நாள் என்று தெரியாது. அப்பாவுக்கு ஃபோன் செய்தேன்.

மெஷின் உன்னிடமே இருக்கட்டும். எழுதினால் ஜோகுபாளையத்துக்கே எழுது. உன் பெயரில் எழுது. மதியம் சரியாகச் சாப்பிடு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பதினோராவது கடையில் ஃபோட்டோவைத் திரும்ப வாங்கி, கூட்டத்தில் அவசரமாகப் பையில் திணித்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "மடிக்காதே" என்றாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு. பிறகு கையை விடாமலே அடுத்த கடைக்கு நடந்தாள்.

நிருபமா